குடோனுக்குள் ஒரு முகவரி

மின்சாரம் போன ராத்திரியில் தீப்பெட்டி தேடிப் போகிறவர் என்ன செய்கிறார்? கட்டிலிலிருந்து இறங்கி நாலு எட்டு வைக்கிறார். கை சுவரைத் தொடுகிறது. சுவரோடு போய் நிலைப்படியைத் தடவிப் பார்க்கிறார். அங்கிருந்து இடது பக்கம் மூன்று எட்டு வைத்தால் அடுப்பு மேடை. எட்டுகளை எண்ணுவது ஒரு வேலை. தொட்டுப் பார்த்து எண்ணிக்கையைத் திருத்திக்கொள்வது இன்னொரு வேலை. கட்டடத்துக்குள் ஓடும் ரோபோ தான் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, அடிப்படையில் இதைவிடப் புதிய உபாயத்தை யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. எட்டை எண்ணுவதற்குச் சக்கரம். சுவரைத் தொடுவதற்கு ஒலி, ஒளி, ரேடியோ அலை. மீதியெல்லாம் விலை வித்தியாசம்.

தமிழில் முதுகலைப் பட்டம் வாங்கி, பத்திரிகை வேலையிலும் மொழிபெயர்ப்பிலும் காலம் தள்ளுகிற எனக்கு இதெல்லாம் தெரியவந்த இடம் அத்திபெலே. பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் கர்நாடகத்தின் கடைசி ஊர். ஆனேக்கல் தாலுகா. சுங்கச்சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாட்டின் ஜூஜூவாடி வந்துவிடும். பெயர்ப் பலகைகள் கன்னடத்தில் இருக்கும். டீக்கடையில் கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. அதுவரை மாநிலத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன குடோன்கள் வைத்திருந்த கம்பெனிகள், இரண்டு மூன்று மாநிலங்களுக்குச் சேர்த்து ஒரே பெரிய குடோன் கட்டத் தொடங்கின. அதற்கு எல்லையோரத்தைவிடத் தோதான இடம் வேறு இல்லை.

அப்படியொரு குடோனின் பாதுகாப்புக் கையேட்டைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. உள்ளே ரோபோக்கள் ஓடுகின்றன, வேலை செய்பவர்களில் பாதிப் பேர் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள், அவர்களுக்குப் புரிகிற தமிழில் வேண்டும் என்றார்கள். ரோபோ என்றதும் கை, கால், தலையோடு ஏதோ வரும் என்று எதிர்பார்த்துப் போனேன். தாம்பாளத்துக்குச் சக்கரம் வைத்தது போல, முழங்கால் உயரத்துக்கும் குறைவான தட்டையான பெட்டிகள். ஒவ்வொன்றும் ஓர் இரும்பு அலமாரிக்கு அடியில் புகுந்து, அதை அலாக்காகத் தூக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

தரையைப் பார்த்தால் மீட்டருக்கு ஒன்றாகச் சதுர ஸ்டிக்கர்கள். டீக்கடையில் பணம் கட்ட ஸ்கேன் செய்கிறோமே, கிட்டத்தட்ட அதே மாதிரிக் கட்டம் போட்ட படம். பெட்டியின் வயிற்றில் கீழ்நோக்கிய ஒரு கேமரா இருக்கிறது. ஸ்டிக்கருக்கு மேலே வந்ததும் அதன் எண்ணைப் படித்துக்கொள்கிறது. அந்த எண்ணுக்கு உரிய இடம் எது என்ற கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஸ்டிக்கர் கேமராவின் பார்வையில் எவ்வளவு கோணலாகத் தெரிகிறதோ அதை வைத்துத் தான் எவ்வளவு விலகியிருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்பதும் தெரிந்துவிடுகிறது. இரண்டு ஸ்டிக்கர்களுக்கு நடுவில் மட்டும் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிக்கொண்டு போகும். அதாவது தரை முழுவதும் நிலைப்படி!

"அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும்க்கா. ஸ்டிக்கர் கிழிஞ்சு போச்சுன்னா அப்படியே நின்னுடும். அப்புறம் நாங்க போய் புதுசு ஒட்டணும்" என்றான் எனக்குச் சுற்றிக் காட்டிய பையன். அரூர்ப் பக்கத்துக்காரன், இருபத்திரண்டு வயது இருக்கலாம். பல லட்ச ரூபாய்ச் சரக்கைத் தூக்கிப் போகிற இயந்திரம், ஓரம் கிழிந்த ஒரு தாளுக்காகக் காத்து நிற்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

இந்த ஸ்டிக்கர் உபாயத்தை உலகத்துக்குப் பிரபலப்படுத்தியது 2003இல் அமெரிக்காவில் மிக் மவுன்ட்ஸ் தொடங்கிய கிவா சிஸ்டம்ஸ். 2012இல் அமேசான் அதை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு கிவாவின் ரோபோக்கள் வெளியாருக்குக் கிடைப்பது நின்றுபோனது. அந்த இடைவெளியில் வந்தவர்களில் முக்கியமானவர்கள் நம்மவர்கள்: பிலானியின் பிர்லா தொழில்நுட்பக் கழகத்தில் படித்த சமய் கோலியும் ஆகாஷ் குப்தாவும் 2011இல் தொடங்கிய கிரே ஆரஞ்ச். 2019இல் ஃப்ளிப்கார்ட் பெங்களூரில் தன்னுடைய பொதி பிரிக்கும் மையம் ஒன்றில் நூறு ரோபோக்களுக்கு மேல் ஓட விட்டபோது பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஸ்டிக்கர் மலிவு, அதை ஒட்டுவதற்கு ஏற்ற தரைதான் மலிவு இல்லை. மேடு பள்ளம் கூடாது, தண்ணீர் கூடாது, ஃபோர்க்லிஃப்ட் குறுக்கே ஓடிக் கீறக் கூடாது, மனிதர் நடமாடக் கூடாது. வேலி போட்டு ஒதுக்கிய அந்தப் பரப்புக்குள் ரோபோவுக்கு ராஜபாட்டை. வெளியே ஓரடி வைத்தால் அதற்குக் கண் தெரியாது.

கையேட்டில் முதல் பக்கத்திலேயே எனக்கு ஒரு சிக்கல். ரோபோ தன் இடத்தைத் தானே கண்டறிவதற்கு ஆங்கிலத்தில் 'லோக்கலைசேஷன்' என்கிறார்கள். என் தொழிலில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம்: ஒரு கம்பெனியின் வாசகங்களை அந்தந்த ஊர் மொழிக்கும் வழக்கத்துக்கும் மாற்றிக் கொடுப்பது. நான் லோக்கலைசேஷன் செய்வதற்காக லோக்கலைசேஷன் பற்றிய பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'உள்ளூர்மயமாக்கல்' என்று பழக்கதோஷத்தில் போட்டிருந்தால் ரோபோ அத்திபெலேக்காரன் ஆகியிருக்கும். 'இடமறிதல்' என்று எழுதினேன். பையனுக்குப் புரிந்தது; எனக்கும் திருப்தி.

இந்த 'இடம்' என்கிற சொல் வகுப்பறை ஞாபகம் ஒன்றைக் கிளப்பிவிட்டது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இலக்கணத்தில் படித்தோமே, அவற்றுக்குத் தமிழ் வைத்த பொதுப்பெயரே இடம்தான். ஆங்கிலம் 'ஆள்' என்று பார்த்ததைத் தமிழ் 'இடம்' என்று பார்த்திருக்கிறது. பேசுகிறவர் நிற்குமிடம் ஒன்று, கேட்பவர் இடம் ஒன்று, மற்றதெல்லாம் மூன்றாவது இடம். தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் இன்னும் நுணுக்கமாகப் போகிறது: வருவதும் தருவதும் தன்மை, முன்னிலைக்கு உரியவை; செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு உரியவை. ஒரு வினைச்சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவே நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். குடோனில் இந்த வினைதான் மாறிப்போயிருக்கிறது. முன்பெல்லாம் சாமான் எடுக்க ஆள் அலமாரியிடம் போவார். இப்போது ஆள் ஒரே இடத்தில் நிற்கிறார், அலமாரி அவரிடம் வருகிறது. எட்டு மணி நேரம் நடந்து கால் ஓய்ந்தவர்கள் இப்போது எட்டு மணி நேரம் நின்று கால் ஓய்கிறார்கள்.

சரி, இவ்வளவு பெரிய குடோன் இல்லாதவர் என்ன செய்வது? ஓசூர் சிப்காட்டில் இருபது பேரை வைத்து உதிரிபாகம் செய்பவரும் ஒரு தள்ளுவண்டி ரோபோ வேண்டும் என்று நினைக்கலாம். கூரைக்கு அடியில் ஜி.பி.எஸ். உதவாது. அந்தச் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. கீழே வந்து சேரும்போது அலை மிகவும் சோர்ந்துவிடுகிறது. தகரக் கூரையைத் தாண்ட அதற்குத் தெம்பு இல்லை. தாண்டி வந்தாலும் சில மீட்டர் பிசகும். அலமாரிகளுக்கு இடையே இருக்கும் சந்தே இரண்டு மீட்டர்தான்.

மிக மலிவானது சக்கரத்தை எண்ணுவது. ஆனால் அது கடன் மாதிரி, பிழை வட்டியோடு ஏறும். சக்கரம் தேய்ந்து விட்டம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் பிசகு. திரும்பும்போது ஒரே ஒரு பாகை தவறினால் பத்து மீட்டர் போவதற்குள் பதினேழு சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகிவிடும். எண்ணெய் சிந்திய தரையில் சக்கரம் வழுக்கினால், வண்டி நகராமலே நகர்ந்ததாகக் கணக்கு எழுதிக்கொள்ளும். இதற்கு மாற்றாகச் சிலர் கம்ப்யூட்டர் மவுஸைப் பிரித்து அதன் கண்ணை வண்டிக்கு அடியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1999 வாக்கில் சந்தைக்கு வந்த ஒளி மவுஸே நொடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் எடுத்து, முன் படத்துக்கும் பின் படத்துக்கும் உள்ள நகர்வைக் கணக்கிட்டது. யோசனை அருமையானது. என்ன, தரைக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி கொஞ்சம் மாறினாலும் அதற்குப் பார்வை மங்கிவிடும். எப்படியிருந்தாலும் இவையெல்லாம் எட்டு எண்ணுகிற வகைதான். சுவரைத் தொட வேறு ஏதாவது வேண்டும்.

நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஒலியை வைத்துத் தொடுகிற முறை. மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணி, இடி கேட்கும்போது நிறுத்தி, 'மூணு எண்ணினால் ஒரு கிலோமீட்டர்' என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? ஒளி உடனே வந்துவிடும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் நடந்து வரும். இதே வித்தையை ஓர் அறைக்குள் செய்துகாட்டினார்கள் நிசாங்க பிரியந்தா, அனித் சக்ரவர்த்தி, ஹரி பாலகிருஷ்ணன் என்ற மூவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 2000இல். ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் 1993இல் பட்டம் பெற்றவர். 2023இல் மார்க்கோனி பரிசு வாங்கியவர். கூரையில் சின்னச் சின்னக் கருவிகள். ஒவ்வொன்றும் ஒரே சமயத்தில் ஒரு ரேடியோ அலையையும் காதுக்குக் கேட்காத ஒரு மீயொலியையும் அனுப்பும். ரேடியோ மின்னல், மீயொலி இடி. இரண்டுக்கும் இடையிலான தாமதத்தை வைத்துக் கீழே இருக்கும் கருவி தன் தூரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். மூன்று நான்கு தூரங்கள் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். ஒரு கருவிக்குப் பத்து டாலருக்குள் செலவு. பெயர் 'கிரிக்கெட்'. பந்தாட்டம் அல்ல, ராத்திரியில் கத்துகிற சுவர்க்கோழி.

இன்று பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ மீயொலிக் கண் ஒன்று நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது; பொறியியல் மாணவர்கள் கைநிறைய வாங்கிப் போகிறார்கள். ஆனால் நம்மூர்க் குடோனில் சுவர்க்கோழிக்கு ஓர் எதிரி இருக்கிறது: வெயில். வெப்பம் ஒரு பாகை கூடினால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். காலையில் இருபது பாகை, தகரக் கூரை காய்ந்த மத்தியானத்தில் முப்பத்தைந்து என்றால், பத்து மீட்டர் தூரத்தில் கால் மீட்டருக்கு மேல் கணக்கு தவறும். ஐம்பது ரூபாய் வெப்பமானி ஒன்றைச் சேர்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பது வேறு விஷயம். அதை நினைவில் வைத்துச் செய்கிறவர்கள் வேண்டும். அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகள் குறுக்கே மறைத்தால் ஒலி வந்து சேராது. அதற்குத் திருத்தம் கிடையாது.

அதே 2000இல் இன்னோர் ஆய்வு. பரம்வீர் பால், வெங்கட பத்மநாபன் இருவரும் மைக்ரோசாஃப்டில் செய்தது. பத்மநாபனும் பாலகிருஷ்ணனும் பெர்க்லியில் ஒரே காலத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தவர்கள். கட்டடத்தில் ஏற்கெனவே இருக்கும் கம்பியில்லா இணையப் பெட்டிகளின் அலைகள் இந்த மூலையில் எவ்வளவு பலமாக வருகின்றன, அந்த மூலையில் எவ்வளவு என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வது. பிறகு ஒப்பிட்டுப் பார்த்து இடம் சொல்வது. புதிதாக ஒரு பைசா செலவில்லை. துல்லியம் இரண்டு மூன்று மீட்டர்; ஆளைத் தேடப் போதும், அலமாரியைத் தூக்கப் போதாது. பத்மநாபன் பின்னர் பெங்களூரில் மைக்ரோசாஃப்டின் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டார். முன்கூட்டியே குறித்து வைக்கும் சலிப்பான வேலையைத் தவிர்க்க அவரும் உடன் பணியாற்றியவர்களும் 2012இல் ஒரு வழி சொன்னார்கள். சட்டைப்பையில் போனோடு ஜனங்கள் சாதாரணமாக நடமாடட்டும். அவர் எங்கே இருக்கலாம் என்று நூற்றுக்கணக்கான ஊகங்களை வரைபடத்தின் மேல் தூவிவிட வேண்டியது. அவர் நடக்க நடக்க ஊகங்களும் நடக்கும். சுவருக்குள் புகுந்த ஊகம் செத்துவிடும், ஏனென்றால் மனிதர்கள் சுவருக்குள் நடப்பதில்லை. கடைசியில் மிஞ்சுவது உண்மை இடம்.

ஊகங்களைத் தூவிச் சாகவிடும் இந்தக் கணக்குக்கு, சூதாட்டத்துக்குப் பேர்போன ஊரின் பெயரால் மான்ட்டி கார்லோ முறை என்று பெயர். 1999இலேயே ரோபோக்களுக்கு அதைச் செய்து காட்டிவிட்டார்கள். மலிவுக்கு உண்மையான வழி திறந்தது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். கருவி நல்ல கருவியாக இருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் போய்விட்டது. பிழையோடு சொல்கிற மூன்று மட்டமான கருவிகளைக் கேட்டு ஒரு நல்ல முடிவுக்கு வரலாம். லேசர் தூரமானியும் இறங்கி வந்தது. ஆயிரக்கணக்கான டாலர் விலைபோன அந்தச் சுழலும் கண்ணை முப்பது டாலர் செலவில் செய்யலாம் என்று 2008இல் ஒரு கட்டுரை சொன்னது. 2010இல் அது வீடு கூட்டும் ரோபோவின் தலையில் உட்கார்ந்து கடைக்கு வந்துவிட்டது. இவை ஸ்டிக்கர் கேட்பதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே வரைபடமும் போட்டு, அதில் தன்னையும் குறித்துக்கொள்கின்றன. அடிக்கடி இடம் மாறும் அட்டைப்பெட்டிகளை மட்டும் சுவர் என்று நம்பி ஏமாறும்.

கையேட்டின் பதினான்காம் பக்கத்துக்கு வந்தபோது இந்தப் படிப்பெல்லாம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. 'பணியாளர் உட்பட எல்லா அசெட்டுகளின் இருப்பிடமும் தொடர்ந்து பதிவு செய்யப்படும்' என்பது போல ஒரு வாக்கியம். ரோபோவுக்கு வைத்த அதே ரேடியோ வில்லையை ஆட்களின் சட்டையிலும் மாட்டப் போகிறார்கள். 'அசெட்' என்றால் அகராதிப்படி சொத்து. அரூர்ப் பையனைச் சொத்து என்று தமிழில் எழுத எனக்குக் கை வரவில்லை. ஆங்கிலத்தில் கண்ணில் படாமல் நழுவிப் போகிற வாக்கியம், தமிழில் எழுதினால் பல்லைக் காட்டுகிறது.

பாதுகாப்புக்காகத்தானே என்றார்கள். அந்த ஊரில் அந்த வாதத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. 2023 அக்டோபர் 7 அன்று இதே அத்திபெலேயில் ஒரு பட்டாசுக் கடையும் குடோனும் எரிந்தன. அன்றைக்கே பதினான்கு பேர் இறந்தார்கள்; காயம்பட்டவர்களில் சிலர் பின்னர் இறந்தார்கள். பெரும்பாலோர் தீபாவளி சமயத்து வேலைக்காகத் தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கங்களிலிருந்து வந்த இளைஞர்கள். அதன் பிறகு இந்தப் பகுதியில் எந்த குடோனுக்குப் போனாலும் வெளியே போகும் வழி எது என்று பார்த்துவிட்டுத்தான் நான் உட்காருகிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், தீ என்று வந்தால் தெரிய வேண்டியது உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பது. அதற்கு வாசலில் போனவர் வந்தவர் கணக்கு போதும். யார் எந்த அலமாரி முன்னால் எத்தனை நிமிஷம் நின்றார், கழிவறைக்கு எத்தனை தடவை போனார் என்ற பதிவு தீயை அணைக்காது. மின்சாரம் அறுந்தால் அந்த ரேடியோப் பெட்டிகளே வேலை செய்யாது என்பதும் இருக்கிறது.

சுவர்க்கோழிக் கருவி எனக்குப் பிடித்ததற்கு இதுவும் காரணம். அதில் கூரைதான் பேசும், கீழே இருப்பவர் கேட்டுக்கொள்வார். தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்வார்; விரும்பினால் ஒழிய வேறு யாருக்கும் தெரியாது. ஆளின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதை அந்த மூவரும் தங்கள் நோக்கங்களில் ஒன்றாகவே எழுதி வைத்திருந்தார்கள். அதற்கு முன்பு பிரிட்டனில் கேம்பிரிட்ஜில் செய்த முறைகளில் ஆள் சட்டையில் மாட்டிய வில்லை கத்தும், கட்டடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும். கருவிகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்பது மட்டும் மாறுகிறது. இலக்கணத்தில் சொன்னால் ஒன்று 'நான் இங்கே இருக்கிறேன்', மற்றது 'அவன் அங்கே இருக்கிறான்'.

அந்த வாக்கியத்தை நான் இரண்டாக உடைத்தேன். இயந்திரங்களின் இடம் பதிவாகும் என்று ஒன்று. பணியாளர் அணியும் வில்லையின் மூலம் அவர்கள் இருக்கும் இடமும் பதிவாகும் என்று இன்னொன்று. இப்படி எழுதினால் பையன்கள் கேள்வி கேட்பார்கள் என்றார் கம்பெனி அதிகாரி. கேட்கத்தானே கையேடு என்றேன். ஓரத்தில் என் பங்குக்கும் மூன்று கேள்வி எழுதி அனுப்பினேன்: பதிவை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், சாப்பாட்டு நேரத்தில் வில்லையைக் கழற்றி வைக்கலாமா?

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தமிழில் இரண்டு வாக்கியமாக இருக்கலாம், ஆட்சேபம் இல்லை; ஆங்கிலம் இருக்கிறபடியே இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் கழற்றி வைக்கலாம். மற்ற இரண்டு கேள்விகளும் சட்டப் பிரிவில் இருக்கின்றன. பதினான்காம் பக்கத்தை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதிப் பக்கங்களை அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். கையேட்டைப் பார்த்த அரூர்ப் பையன் போன் செய்தான்: "பதிமூணுக்கு அப்புறம் நேரா பதினஞ்சு வருதுக்கா, நடுவுல ஒண்ணு காணோமே?"